நாலில் ஒருவருக்கு வரும் தொல்லை: பாக்டீரியல் வஜைனோசிஸ்

பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பது பெண்ணின் பிறப்புறுப்பில் இயல்பாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைவதால் வரும் கோளாறு. கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களுக்கு வாடையோடு வெள்ளைப்படுவதற்கு உலகெங்கும் இதுவே முதன்மையான காரணம். அந்த வயதுப் பெண்களில் 23 முதல் 29 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலக வட்டாரங்களை ஒப்பிட்ட ஆய்வில், ஐரோப்பாவும் மத்திய ஆசியாவும் சேர்ந்த வட்டாரம் 23 சதவீதத்தோடு கீழே நிற்கிறது; தெற்காசியா 29 சதவீதத்தோடு மேலே நிற்கிறது. புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பாசனத்து வயலில் இருபது பெண்கள் வரிசையாக நின்று நாற்று நட்டால், இந்தக் கணக்குப்படி அவர்களில் ஐந்தாறு பேருக்கு இது இருக்கும். பக்கத்தில் நிற்பவளுக்கும் இருக்கிறது என்பது ஒருத்திக்கும் தெரிந்திருக்காது. தன்னிடமே இருப்பதும் பலருக்குத் தெரியாது.

நல்ல நிலையில் பிறப்புறுப்பின் உட்பகுதியை ஆள்வது லாக்டோபேசிலஸ் என்னும் பாக்டீரியா இனம். தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களின் சொந்தக்கார இனம் இது. வயதுக்கு வந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் உட்பகுதிச் சவ்வில் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து சேர்கிறது. அதிலிருந்து லாக்டோபேசிலஸ் லாக்டிக் அமிலம் செய்கிறது. அந்த அமிலத்தால் உட்பகுதியின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் நிற்கிறது. வேறு கிருமிகள் காலூன்ற முடியாத அளவுக்கு அது புளிப்பு. இந்த அமிலக் காவல் இயற்கையாகவே அமைந்தது. சோப்பும் டெட்டாலும் அதற்கு ஈடாகாது.

ஏதோ ஒரு காரணத்தால் லாக்டோபேசிலஸ் குறையும்போது, முன்பு சிறு எண்ணிக்கையில் அடங்கிக் கிடந்த வேறு பாக்டீரியாக்கள் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு எனப் பெருகுகின்றன. கார்ட்னெரெல்லா, பிரெவொடெல்லா, மொபிலங்கஸ் முதலியவை அவை. இவற்றுக்குக் காற்று தேவையில்லை. கார்ட்னெரெல்லா சவ்வின்மேல் பிசுபிசுப்பான ஒரு படலத்தைக் கட்டி, மற்றவற்றுக்கும் அதில் இடம் கொடுக்கிறது. இவை புரதத்தை உடைக்கும்போது அமீன் என்னும் வேதிப்பொருள்கள் வெளிவருகின்றன. கெட்டுப்போன மீனின் வாடைக்கும் அமீன்கள்தான் காரணம் என்பதால் இரண்டும் ஒரே கவுச்சி. பி.எச். 4.5-ஐத் தாண்டுகிறது, வெள்ளை நீர்த்து, சாம்பல் நிறமாக, பால் போலப் படிகிறது. உறவுக்குப் பிறகும் மாதவிலக்கின்போதும் வாடை கூடும். விந்தும் ரத்தமும் காரத்தன்மை கொண்டவை என்பதே அதற்குக் காரணம்.

அரிப்பும் எரிச்சலும் பெரும்பாலும் இருக்காது. கட்டித் தயிர் போல வெள்ளைப்பட்டு, கடுமையாக அரித்தால் அது கேண்டிடா என்னும் பூஞ்சையின் வேலை. மஞ்சளும் பச்சையுமாக, நுரைத்துக்கொண்டு வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். மாதவிலக்குக்கு முன்னும், இரு மாதவிலக்குக்கு நடுவில் சினைமுட்டை வெளிவரும் நாட்களிலும், கர்ப்பத்திலும் வாடையில்லாமல் கொஞ்சம் வெள்ளைப்படுவது நோயே அல்ல. இந்த வேறுபாடு தெரியாததால் நலமாக இருப்பவர்கள் பயந்துகொண்டும், சிகிச்சை வேண்டியவர்கள் சும்மாவும் இருக்கிறார்கள்.

பிறப்புறுப்பில் லாக்டோபேசிலஸ் வாழ்வதை ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் டோடர்லைன் 1892-லேயே எழுதிவிட்டார். வாடையுள்ள வெள்ளைப்படுதலோடு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கார்ட்னர், டியூக்ஸ் ஆகிய இருவரும் இணைத்துக் காட்டியது 1955-ல். அந்த கார்ட்னரின் பெயரே கார்ட்னெரெல்லாவுக்கு நிலைத்தது. ஒரே கிருமியால் வருவதில்லை, பல பாக்டீரியாக்களின் கூட்டுப் பெருக்கம் இது என்று புரிந்தது 1980-களில்தான்.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு விடை, யாரைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெள்ளைப்படுகிறது என்று மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நாடு தழுவிய சுகாதார ஆய்வில், தொல்லை சொன்னவர், சொல்லாதவர் என்று பாராமல் பெண்களைச் சோதித்தார்கள். 29 சதவீதம் பேருக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் இருந்தது. அப்படி இருந்தவர்களில் 84 சதவீதம் பேர் ஓர் அறிகுறியும் சொல்லவில்லை. இந்தக் கோளாறைப் பற்றிக் கிடைத்த எண்களில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான்.

இந்தியாவில் பாதிப்பு விகிதம் ஊருக்கு ஊர் மாறுகிறது. டெல்லியில் 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் மொத்தம் 32.8 சதவீதம். அதைப் பிரித்துப் பார்த்தால், நகரக் குடிசைப் பகுதியில் 38.6, கிராமத்தில் 28.8, நகர நடுத்தர வர்க்கக் குடியிருப்பில் 25.4. மைசூரில் 2005, 2006 ஆண்டுகளில் 30 வயதுக்கு உட்பட்ட 898 பெண்களைச் சோதித்தபோது 19.1 சதவீதம். கோவாவில் மக்களிடையே நடத்திய பெரிய ஆய்வில் 17.8 சதவீதம். ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த 558 பெண்களைக் கொண்டு 2018-ல் வெளியான ஆய்வில் 41 சதவீதம். ஏழ்மையும் இட நெருக்கடியும் கூடும் இடங்களில் எண்ணும் கூடுவது டெல்லிக் கணக்கில் தெரிகிறது. ஆனால் டெல்லியின் வசதியான பெண்களிலும் நாலில் ஒருவருக்கு இருந்ததை மறந்துவிடக் கூடாது. ஏழைகளின் நோய், அழுக்கானவர்களின் நோய் என்று இதை ஒதுக்க அந்த எண் இடம் தராது.

புதுச்சேரியின் கொம்யூன்களுக்கு நிலத்தாலும் வாழ்க்கை முறையாலும் மிக நெருக்கமாக வருவது வேலூர் ஆய்வு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1996, 1997-ல் அந்த வட்டாரக் கிராமங்களில் 16 முதல் 22 வயது வரையிலான 451 மணமான பெண்களைச் சந்தித்தார்கள். நெல்லும் கரும்பும் விளையும், பெண்கள் கூலிக்கு நடவும் களையும் பார்க்கும், பாகூரைப் போன்ற நாட்டுப்புறம் அது. 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு மகளிர் நோய் அறிகுறியைச் சொன்னார்கள். 38 சதவீதம் பேருக்கு இனப்பெருக்கப் பாதைத் தொற்று இருப்பது ஆய்வகத்தில் உறுதியானது. பாலுறவால் பரவும் தொற்று 15 சதவீதம். உடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமிகள் மிகுந்து வரும் தொற்று 28 சதவீதம். பாக்டீரியல் வஜைனோசிஸும் பூஞ்சையும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அதாவது வெளியிலிருந்து வந்த நோயைவிட உள்ளேயே சமநிலை குலைந்து வந்த தொல்லைதான் ஏறத்தாழ இரு மடங்கு.

அந்த ஆய்வில் அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. பக்கத்து சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை, மறைவாகப் பேச இடமில்லை, தூரம், செலவு, 'இதெல்லாம் பொம்பளைக்கு வழக்கம்தானே' என்ற எண்ணம் ஆகியவையே அவர்கள் சொன்ன காரணங்கள். பதினாறு வயதில் கல்யாணமான ஒரு பெண், தன் உடம்பைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் அதை வழக்கமென்று ஏற்றுக்கொண்டது அவள் குற்றமல்ல. கேட்பதற்கு ஓர் இடத்தை அமைத்துக் கொடுக்காதவர்களே அதற்குப் பொறுப்பு.

தமிழ் நாட்டுப்புறத்தில் வெள்ளைப்படுதலுக்குச் சொல்லும் முதல் காரணம் உடல் சூடு. சூடு கூடி உடம்பின் சத்து உருகி வெள்ளையாக வெளியேறுகிறது, அதனால்தான் இடுப்பு வலி, கை கால் அசதி, உடல் மெலிவு என்று நம்புகிறார்கள். வெந்தயத்தை ஊறவைத்துக் குடிப்பது, மோர், இளநீர், சோற்றுக் கற்றாழை எல்லாம் இதற்காகத்தான். இவற்றால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இவை கார்ட்னெரெல்லாவைத் தொடுவதில்லை. வெள்ளையில் சத்து எதுவும் உருகிப் போவதில்லை. அசதிக்கு ரத்தசோகையையும் ஓய்வில்லாத வேலையையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். கோவா ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பெண்களிடம் கிருமித் தொற்றைவிட மனச்சோர்வும் குடும்ப நெருக்கடியும்தான் அதிகம் சேர்ந்திருந்தன. வெள்ளைப்படுதலைச் சொல்லி வருபவளிடம் வீட்டு நிலையையும் தூக்கத்தையும் விசாரிக்கும் மருத்துவர் அவளுக்குப் பெரிய உதவி செய்கிறார்.

வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் முதலில் வருவது தாம்பத்திய உறவு. உறவு ஏற்படாத பெண்களுக்கு இது குறைவாகவே வருகிறது. புதிய துணை, ஒன்றுக்கு மேற்பட்ட துணை, ஆணுறை அணியாத உறவு ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஒழுங்காக ஆணுறை அணிவது குறைக்கிறது. கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரும். இங்கே ஒரு பெரிய அநியாயம் நடப்பதுண்டு. மனைவிக்கு வாடை வருகிறது என்றால் அவள்மேல் சந்தேகம் எழுகிறது. பாக்டீரியல் வஜைனோசிஸ் யாருடைய நடத்தைக்கும் சான்று அல்ல. கொனோரியாவைப் போல இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயாக இதுவரை வகைப்படுத்தப்படவில்லை.

ஆனாலும் ஆணுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பாக்டீரியாக்கள் ஆண்குறியின் தோலிலும் சிறுநீர்ப் பாதையிலும் தங்குகின்றன. ஆணுக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. நுனித்தோல் நீக்கிக்கொண்ட ஆண்களின் மனைவியருக்கு இந்தக் கோளாறு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. 2025 மார்ச்சில் ஆஸ்திரேலிய ஆய்வொன்று இன்னும் தெளிவான விடை தந்தது. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்த தம்பதிகளில், 12 வாரத்துக்குள் 63 சதவீதப் பெண்களுக்குக் கோளாறு திரும்பி வந்தது. கணவனுக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும், தோலில் தடவ கிளிண்டமைசின் களிம்பும் கொடுத்த தம்பதிகளில் அது 35 சதவீதமாகக் குறைந்தது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். இதற்கு முந்தைய ஆய்வுகளில் ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்துப் பலனில்லை என்று விட்டிருந்தார்கள். திரும்பத் திரும்ப வரும் பெண்ணின் கணவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இனி ஆதாரம் இருக்கிறது.

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் குடும்பக் கட்டுப்பாட்டின் சுமை பெண்ணின்மேல்தான் விழுந்திருக்கிறது. இரண்டாவது பிரசவத்தோடு கருத்தடை அறுவை சிகிச்சை என்பதே இங்கே வழக்கம். அதன்பிறகு வீட்டில் ஆணுறைக்கு இடமே இருப்பதில்லை. ஆணுறை தரும் காப்பும் அதோடு போய்விடுகிறது. முதல் குழந்தைக்குப் பின் காப்பர்-டி வைத்துக்கொண்டவர்களில், மாதவிலக்கு நீண்டு ரத்தப்போக்கு கூடுபவர்களுக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் வரும் வாய்ப்பும் கூடுகிறது. நாள்கணக்கில் தங்கும் ரத்தம் அமிலத்தை நீர்க்கச் செய்துவிடுகிறது. அதற்காகக் காப்பர்-டியை அஞ்ச வேண்டியதில்லை. வாடை வந்தால் சோதித்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் அதை எடுக்காமலேயே குணப்படுத்தலாம். ஹார்மோன் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது சற்றுக் குறைவாகவே வருகிறது.

அடுத்தது, கழுவும் பழக்கம். நல்லதென்று நினைத்துச் செய்யும் கெடுதல் இது. வாடை வருகிறது என்றதும் பெண் முதலில் செய்வது, விரலை விட்டோ தண்ணீரை அடித்தோ உள்ளே கழுவுவதுதான். சிலர் சோப்பு, சிலர் டெட்டால் கலந்த நீர், சிலர் படிகாரத் தண்ணீர். நகரத்து விளம்பரங்களைப் பார்த்து வாசனை திரவங்கள் வாங்குகிறவர்களும் இப்போது கிராமங்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை உள்ளே கழுவும்போதும் லாக்டோபேசிலஸும் அமிலமும் அடித்துச் செல்லப்படுகின்றன. கவுச்சி ஒரு வேளை அடங்கி, இரண்டு மடங்காகத் திரும்புகிறது. மறுபடியும் கழுவத் தோன்றுகிறது. உட்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் தாராளம். தாய்மார்கள் மகள்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாலே பெரிய வேலை நடந்துவிடும்.

மாதவிலக்குத் துணியைப் பற்றிய பேச்சு எப்போதும் இதோடு சேர்ந்தே வரும். ஒடிசாவில் 2015-ல் வெளிவந்த ஆய்வு, துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணிக்கும் இத்தகைய தொற்றுக்கும் தொடர்பு காட்டியது. அதே மாநிலத்தில் 2018-ல் வந்த பெரிய ஆய்வில், துணியால் கூடியது கேண்டிடா பூஞ்சைதான். பாக்டீரியல் வஜைனோசிஸுக்கும் துணிக்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை. புதுச்சேரியைப் பொறுத்தவரை இந்த விவாதம் பெரும்பாலும் முடிந்துபோன ஒன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 15 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 99 சதவீதம் பேர் நாப்கின் போன்ற சுகாதாரமான முறைகளையே பயன்படுத்துகிறார்கள். நாட்டிலேயே முதல் வரிசையில் இருக்கும் எண் இது. ஆகவே நாப்கின் கொடுத்தால் வெள்ளைப்படுதல் ஒழியும் என்ற எளிய கணக்கு இந்த ஊர்களுக்குப் பொருந்தாது.

நாப்கின் இருந்தாலும் மாற்ற இடம் வேண்டும். ஒடிசா ஆய்வுகளில், வீட்டுக்குள் மறைவாகக் கழுவிக்கொள்ள இடம் இருந்த பெண்களுக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் குறைவாகவே இருந்தது. காலை ஏழு மணிக்குக் களையெடுக்க இறங்கும் பெண்ணுக்கு வரப்பில் ஒதுங்க மறைவு கிடையாது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேனில் போய்வரும் பெண்ணுக்கு ஷிப்டு முடியும்வரை அடக்கிக்கொள்ளும் கட்டாயம் இருக்கும். நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் இதுவே நிலை. தண்ணீர் குடிக்காமல், நாப்கின் மாற்றாமல் எட்டு மணி நேரம் நிற்கும் வேலைதான் இவர்களுக்கு வாய்த்திருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிவறை கேட்பது பெண்களின் நலவாழ்வுக்கான கோரிக்கை. கொம்யூன் பஞ்சாயத்தும் நிறுவனங்களும் அதைச் செய்து கொடுக்கக் கடமைப்பட்டவை.

புகைபிடிப்பதும் நாள்பட்ட மன அழுத்தமும் வாய்ப்பைக் கூட்டுவதாக வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மற்ற தொற்றுகளும் துணை சேர்கின்றன. மைசூர் ஆய்வில் டிரைக்கோமோனாஸ் இருந்தவர்களிடம் இது நான்கு மடங்கு கூடுதலாகத் தெரிந்தது. டெல்லி ஆய்வில் டிரைக்கோமோனாஸ் இருந்த எல்லோருக்குமே இதுவும் இருந்தது. அதனால் ஒன்று தெரிந்தால் மற்றதையும் தேடுவதே முறை.

உயிருக்கு ஆபத்தில்லாத கோளாறு என்றாலும் அசட்டையாக விடக் கூடாது. கர்ப்பிணிக்கு இருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. பிரசவத்துக்குப் பின் கருப்பையில் தொற்று வருவதும் கூடும். எச்.ஐ.வி. தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுகிறது. அமிலக் காவல் இல்லாத இடத்தில் கிளாமிடியா, கொனோரியா, ஹெர்பிஸ் ஆகியவையும் எளிதில் நுழையும். அதே நேரம், அறிகுறியே இல்லாத கர்ப்பிணிகள் அனைவரையும் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பதால் குறைமாதப் பிரசவம் குறைவதில்லை. பிரான்சில் 40 பேறுகால மையங்களில் 84,530 கர்ப்பிணிகளைச் சோதித்து, கோளாறு இருந்த 5,630 பேரில் அபாயம் குறைந்தவர்களுக்குக் கிளிண்டமைசின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2018-ல் இதைத் தெளிவாக்கியது. வாடையோ வெள்ளைப்படுதலோ இருக்கும் கர்ப்பிணிக்கு மட்டும் கட்டாயம் சிகிச்சை தர வேண்டும்.

சோதனை எளியது. ஒரு துளி வெள்ளையை நுண்ணோக்கியில் பார்ப்பது, பி.எச். தாள் ஒன்று, ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஆகியவை போதும். 1983-ல் ஆம்செல் வகுத்த முறைப்படி நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தால் நோய் உறுதி. நீர்த்த வெள்ளை, 4.5-க்கு மேல் பி.எச்., ஹைட்ராக்சைடு விட்டதும் எழும் கவுச்சி, பாக்டீரியா மொய்த்து விளிம்பு மங்கிய சவ்வுச் செல்கள் ஆகியவை அந்த நான்கு. பெரிய ஆய்வகங்களில் 1991 முதல் நுஜென்ட் முறையில், சாயமேற்றிய கண்ணாடித் தகட்டைப் பார்த்து பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஏழும் அதற்கு மேலும் நோய்.

சிகிச்சையும் அரிய ஒன்றல்ல. மெட்ரோனிடசோல் மாத்திரை, நாளுக்கு இருவேளை, ஏழு நாள். வாயில் உலோகச் சுவை, குமட்டல் வரலாம்; உணவுக்குப் பின் சாப்பிட்டால் தாங்கும். உட்புறம் வைக்கும் கிளிண்டமைசின் களிம்பும் உண்டு. ஆய்வக வசதியில்லாத இடங்களுக்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் வண்ண வண்ணப் பொட்டலங்களை வகுத்திருக்கிறது. வெள்ளைப்படுதலுக்கு உரியது பச்சைப் பொட்டலம். அதில் ஒரே வேளை சாப்பிடும் செக்னிடசோல் 2 கிராமும், பூஞ்சைக்கான புளுகோனசோல் 150 மில்லிகிராமும் இருக்கும். அரசின் சுரக்ஷா கிளினிக்குகளில் இதற்குக் காசு கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, யாரோ சொன்ன மாத்திரையை இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துவதுதான் கெடுதல். பூஞ்சைக்கான மருந்து பாக்டீரியாவுக்கு வேலை செய்யாது. பாதியில் நிறுத்திய மருந்து பிசுபிசுப்புப் படலத்தை அசைக்காது. முழுமையாகச் சாப்பிட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் திரும்பி வருகிறது. அது மருந்தின் தோல்வியோ பெண்ணின் தவறோ அல்ல. இந்தக் கோளாறின் இயல்பு. மறுபடியும் போய்ச் சொல்ல வேண்டும், கணவரையும் அழைத்துக்கொண்டு.

இதற்காகக் கருப்பையை எடுப்பது மட்டும் வேண்டாம். நாட்டில் கருப்பை நீக்கிக்கொண்ட பெண்கள் சொல்லும் காரணங்களில் வெள்ளைப்படுதலும் ஒன்றாகத் தேசியக் குடும்பநல ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பாக்டீரியல் வஜைனோசிஸ் இருப்பது கருப்பையில் அல்ல. அதை எடுத்தாலும் கோளாறு அங்கேயே இருக்கும். அறுவை சிகிச்சையின்போது கோளாறு இருந்தால் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கவும் கூடும். தேவையில்லாத கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய அரசின் வழிகாட்டுதலை மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. முப்பது வயதுப் பெண்ணிடம் வெள்ளைப்படுதலுக்குக் கருப்பையை எடு என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வெள்ளையோடு ரத்தம் கலந்து வந்தாலும், உறவுக்குப் பின் ரத்தம் கசிந்தாலும், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தமோ துர்நாற்றமோ வந்தாலும், அது வேறு கதை. கருப்பைவாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள அன்றே கிளம்ப வேண்டும். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தாலும் அப்படித்தான்.

வேலூர்ப் பெண்கள் அன்று சொன்ன தூரம் என்ற காரணம் புதுச்சேரியின் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இன்று பெரிதாகப் பொருந்தாது. வில்லியனூரிலும் பாகூரிலும் கிருமாம்பாக்கத்திலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிராம சுகாதார மையம் இராமநாதபுரத்தில் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. மேல் சிகிச்சைக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மண் இது. ஆனால் பிரசவத்துக்கு வந்த பெண் அடுத்த பிரசவம்வரை தனக்கென்று அந்தப் படி ஏறுவதில்லை. குழந்தைக்கு ஊசி போட வரும் நாளில், அம்மாவிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். செவிலியர்கள் அந்தக் கேள்வியை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மறைவாகப் பேச ஒரு திரைச்சீலையாவது அங்கே இருக்க வேண்டும். பெண்கள் தாமாகவும் கேட்கலாம். 'வெள்ளைப்படுது, வாடை வருது, சோதிச்சுப் பாருங்கம்மா' என்று நர்ஸம்மாவிடம் சொன்னால் போதும். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.